பதினேழாம் புள்ளி ஏன் திரும்பிப் போனது

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் சைரன் ஊதியபோது யாரும் ஓடவில்லை. ஒத்திகை என்று எல்லோருக்கும் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் மாடி வராந்தாவில் குறிப்புப் புத்தகத்துடன் நின்று, ஆட்கள் எப்படி வெளியேறுகிறார்கள் என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கோகிலா. பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் கணினி கற்பிக்கிறாள். இரண்டு வருடங்களாகத் திரையில் மட்டுமே பார்த்துப் பேசிய தோழி.

கீழே அந்தக் கூடத்துக்கு நான்கு கதவுகள். அருகில் இருக்கும் கதவால்தான் ஆட்கள் வெளியேறுவார்கள் என்று எங்கள் கணக்கு. ஆனால் அவர்களோ தினமும் காலையில் உள்ளே வரும் கதவை நோக்கியே நடந்தார்கள். திறந்து கிடந்த கதவைத் தாண்டிக்கொண்டு, தூரத்துக் கதவுக்குப் போனார்கள்.

ஒரிசாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் வெளியே வந்தபின்னும் கூடவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கதவோரமே நின்றார். மேற்பார்வையாளர் கூப்பிட்டதற்கு, அறைத்தோழன் வரட்டும் என்று சைகை காட்டினார். அந்தத் தோழரோ வேறு கதவால் வந்து, மரத்தடியில் நின்று இவரைத் தேடிக்கொண்டிருந்தார். ஒத்திகை முடியும்வரை இருவரும் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றார்கள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் ஒரு ஊரைக் கட்டுவோம். வீடு, பாதை, ஓடை, பள்ளிக்கூடம் எல்லாம் அளந்து வைப்போம். அதில் மனிதர்களைப் புள்ளிகளாக விடுவோம். ஒவ்வொரு புள்ளிக்கும் வயது, நடக்கும் வேகம், குடும்பம், யார் சொன்னால் கேட்கும் என்பதெல்லாம் கொடுப்போம். பிறகு மழையைப் பெய்யவிட்டு, எச்சரிக்கை கொடுத்து, புள்ளிகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். உண்மையான மனிதர்களை வைத்துச் செய்து பார்க்க முடியாததை இப்படிச் செய்து பார்க்கிறோம்.

நான் இலங்கைக்காரி. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, இப்போது கண்டியில் வேலை. எங்கள் தோட்டத்தில் மண் சரிந்த வருடம் நான் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டார் நால்வரும் மண்ணுக்குள் போனார்கள். வெளியே வந்துவிட்டிருந்தவர்கள் அவர்கள் என்று பிறகு சொன்னார்கள். ஏன் திரும்ப உள்ளே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த வேலைக்கு நான் வந்ததற்கு அதுதான் காரணம்.

கேரள மலையில், ஏலப்பாறைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் போன வருட மழையில் மலை சரிந்தது. மதியமே ஜீப்பில் அறிவிப்புச் செய்து லயங்களைக் காலி பண்ணியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம், சர்ச் ஹாலில் ஒரு முகாம். எல்லோரும் தப்பினார்கள், ஒருவரைத் தவிர. அவர் பெயர் தங்கராசு. பள்ளிக்கூட முகாமுக்குக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர், திரும்ப லயத்துக்கு ஏறிப் போய் மண்ணுக்குள் அகப்பட்டுவிட்டார். கட்டிப்போட்ட பசுவை அவிழ்க்கப் போனார் என்று ஊரில் சொன்னார்கள்.

கோகிலாவின் மாணவர்கள் வீடு வீடாகக் கேட்டு எடுத்த விவரங்களை வைத்து நான் அந்த ஊரைக் கட்டினேன். தங்கராசு அதில் பதினேழாம் எண். எத்தனை முறை ஓட்டினாலும் பதினேழு பள்ளிக்கூடத்திலேயே நின்றது. யாரும் சாகவில்லை. இரண்டு முகாம்கள் வைத்தால் சனங்கள் சீக்கிரம் முகாமுக்கு வந்துவிடுவார்கள், ஆகவே இந்த மழைக்கும் அப்படியே வைக்கலாம் என்று அறிக்கை தயாரானது. பசுவை அவிழ்க்கப் போனவர், அது ஒரு விதிவிலக்கு, விட்டுவிடலாம் என்றார் எங்கள் குழுத் தலைவர். அறிக்கையில் என் கையெழுத்து வேண்டும். நான் போட மனமில்லாமல், ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி வந்திருந்தேன். மழைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அன்றிரவு எலப்புள்ளியில் கோகிலாவின் வீட்டில் தங்கினேன். வெயில் இறங்கியும் சுவர் சுட்டது. அவளுடைய அம்மா சந்தகை பிழிந்து, தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊற்றித் தந்தார். பார்த்தால் எங்கள் இடியப்பம்தான். நாங்கள் சொதிக் குழம்போடு சாப்பிடுவோம் என்றேன். இனிப்பில்லாமல் எப்படி இறங்கும் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். "ஏனுங்க, இன்னும் ரெண்டு வெச்சுக்கங்க. மலையில போனா இதெல்லாம் கெடைக்காதுங்க," என்று தட்டை விடவில்லை.

மறுநாள் மலை ஏறினோம். பாதி வழியில் ஒரு வளைவுக்கு அப்பால் மரம் விழுந்து கிடந்தது. பேருந்து நின்றது. ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை, நடத்துநரும் சொல்லவில்லை. ஒருவர் மடித்துக் கட்டிய வேட்டியோடு இறங்கி, எங்கிருந்தோ ஒரு வெட்டுக்கத்தியைக் கொண்டுவந்து கிளைகளைக் கழிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப்போய் இழுத்தார்கள். எனக்கு முன்னால் இருந்த பெண் மட்டும் கைபேசியில் மலையாளத்தில், "இதோ வந்துவிட்டேன், அரிசியை உலையில் போடு," என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் பேருந்து நகரவில்லை. எங்கள் நாட்டில் இப்படி மரம் விழுந்தால் முதலில் பொலிசுக்குச் சொல்வார்கள், பிறகு எல்லோரும் படம் எடுப்பார்கள்.

ஏலப்பாறையில் இறங்கியதும் குளிர். கடையில் பாலில்லாத கட்டன் சாயாவும் வேகவைத்த கப்பைக் கிழங்கும் கிடைத்தன. மரவள்ளிக் கிழங்குதான்; காந்தாரி மிளகாய் அரைத்த சட்னியோடு தின்றபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. எஸ்டேட்டுக்குள் நடக்கும்போது எனக்கு வழி கேட்கத் தோன்றவேயில்லை. அதே சரிவு, அதே வேலிப்பூ, வரிசை வரிசையாக அதே தகரக் கூரை. எங்கள் ஊரிலும் லயம் என்றுதான் சொல்வோம். மண்சரிவை மட்டும் அவர்கள் மலையாளத்திலிருந்து எடுத்து உருள்பொட்டல் என்கிறார்கள்.

தங்கராசுவின் மனைவி அன்னம் இப்போது கீழ் லயத்தில் இருக்கிறார். கொழுந்து எடுத்துவிட்டு வந்து, செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டிய படுதாவைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்து எங்களோடு பேசினார். அழவில்லை. பலமுறை சொல்லிப் பழகிய கதையாக இருந்தது. அறிவிப்பு வந்தது, மகளைக் கூட்டிக்கொண்டு மூவரும் பள்ளிக்கூடம் போனார்கள். அங்கே அவர் உட்காரவில்லை.

"வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்துகிட்டே இருந்தாரு டீச்சர். பசுவக் கெட்டிப்போட்டு வந்துட்டோமேன்னு நெனக்காருன்னு இருந்தேன். திரும்பிப் பாக்கேன், ஆளக் காணோம்."

கேரளாவில் எந்தப் படித்த பெண்ணும் டீச்சர்தான். நான் திருத்தவில்லை.

தங்கராசுவுக்கு முருகையா என்று ஒரு தம்பி உண்டு, மேல் லயத்தில் அவர்களுக்கு அடுத்த அறையில்தான் இருந்தார், மனைவி இறந்து தனி ஆள் என்று அன்னம் சொன்னார். பிறகு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார். எங்கள் பட்டியலில் முருகையாவும் இருந்தார், முப்பத்தொன்றாம் எண். மாணவர்கள் போன நாளில் அவர் ஊரில் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பார் என்று பக்கத்தில் உள்ளவர்கள் சொன்னதைப் பதிந்திருந்தார்கள்.

தேடிப் போனோம். உர ஸ்டோரை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தார். ஐம்பது தாண்டியிருக்கும். மருந்தடிக்கும் தற்காலிக வேலை. கதவைப் பாதி திறந்து, போலீசுக்கும் வில்லேஜ் ஆபீசருக்கும் சொல்லியாயிற்று, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று சாத்திக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது கோகிலா, "விடுங்க அக்கா. எங்கூட்டுல ஒரு சாவு ஆனப்ப வந்தவங்க எல்லாத்துக்கும் நானுந்தான் கதவச் சாத்துனேனுங்க," என்றாள்.

மறுநாள் காலை, நாங்கள் தங்கியிருந்த வீட்டு வாசலில் முருகையா நின்றார். சட்டையை மாற்றி, தலை சீவி வந்திருந்தார். பஞ்சாயத்து மெம்பர் அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். உட்காரச் சொன்னோம். உட்காராமல் கேட்டார்.

"எங்க அண்ணன் ஒங்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்காம்னு மெம்பர் சொன்னாங்க. பாக்கலாமா?"

அது அவர் இல்லை, ஒரு புள்ளிதான் என்றேன். தலையை ஆட்டினார், ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். மேல் லயம் எது, ஓடை எது, பள்ளிக்கூடம் எது என்று காட்டினேன். அவர் சரியாகப் பிடித்துக்கொண்டார். ஓடை இவ்வளவு நேராகப் போகாது என்று திருத்தவும் செய்தார். பிறகு ஓட்டினேன். பதினேழு இறங்கி வந்து பள்ளிக்கூடத்துக்குள் போனது. மழை பெய்தது, நேரம் ஓடியது, மலை சரிந்தது. பதினேழு அங்கேயே இருந்தது.

"போகவே இல்லயே," என்றார்.

பிறகு அவருடைய எண்ணைக் கேட்டார். முப்பத்தொன்றைக் காட்டினேன். பதினேழுக்கு அருகிலேயே, அதே பள்ளிக்கூடத்தில்.

"இது தப்பு டீச்சர். நான் ஸ்கூலுக்குப் போகல."

அவர் சர்ச் ஹாலுக்குப் போயிருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். அப்பா வேலையிலிருந்து நின்றபோது அவருடைய நிரந்தர வேலை பிள்ளைகளில் ஒருவருக்குக் கிடைத்தது. அண்ணன் தன் பெயரைக் கொடுத்துவிட்டார். தம்பி தற்காலிகத் தொழிலாளியாகவே இருந்துவிட்டார். அன்றைக்கு விட்ட பேச்சு. பதினோரு வருடம். இரண்டு அறைக்கும் நடுச்சுவர் ஒன்றுதான், அதுவும் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அப்படி இருந்தும் பேசவில்லை. அறிவிப்பு வந்த அன்று அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போவதைப் பார்த்தார். ஒரே கூடத்தில் முகத்தில் முழித்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்று, எதிர்ப்பக்கமாக சர்ச் ஹாலுக்கு நடந்தார்.

"பசு?" என்று கேட்டாள் கோகிலா.

"பசுவ நாந்தான் அவுத்தேன். அவசரத்துல கெட்டிப்போட்டுப் போயிட்டாம். அவுத்து ரோட்டுப் பக்கமா வெரட்டி விட்டுட்டுத்தான் போனேன். அவன் ஏறும்போது வழியிலயே அது நின்னுருக்கும். அதப் பாத்த பொறகும் ஏறியிருக்காம்."

கடைசியாக இறங்கி வந்த ஒருவர் லயத்துப் பக்கம் குரல் கேட்டதாக அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். முருகையா, முருகையா என்று யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்களாம்.

"பதினோரு வருசங் கழிச்சி என் பேரச் சொல்லிக் கூப்புட்டுருக்காம். நான் அங்க இல்ல."

மதினி அன்னத்துக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். பசுவுக்காகப் போனான் என்று ஊரே சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டார். அதன்பிறகு அந்த வாசல் பக்கம் போகவே இல்லை.

எங்கள் கேள்வித்தாளில், ஆபத்து என்றால் யாரைத் தேடுவார் என்று ஒரு கேள்வி உண்டு. தங்கராசுவுக்காக அன்னம் பதில் சொல்லியிருந்தார்: மனைவி, மகள். அவர்கள் இருவரும் அவர் அருகிலேயே இருந்தார்கள். பதினேழுக்குத் தேட ஆளே இல்லை, அதனால்தான் அசையவில்லை. பேசாத தம்பியைப் பற்றி அந்தக் கேள்வி கேட்கவில்லை.

முருகையா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்னயச் சரியா வச்சி ஒருக்க ஓட்டுங்க. பொறகு, நான் ஸ்கூலுக்குப் போனமாதிரி ஒருக்க," என்றார்.

முடியாது என்றேன். அப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இது சொல்லாது, ஒரு ஊரில் பொதுவாக என்ன நடக்கக்கூடும் என்றுதான் சொல்லும் என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. பார்க்காமல் போனாலும் தினமும் நினைவில் ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். கோகிலா என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முப்பத்தொன்றை சர்ச் ஹாலுக்கு மாற்றினேன். பதினேழுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையே ஒரு பிணைப்பை எழுதினேன். அதன் பலத்துக்கு ஒரு எண் கேட்டது கணினி. பதினோரு வருடம் பேசாத அண்ணன் தம்பிக்கு என்ன எண் போடுவது? சொந்தப் பிள்ளைக்கு வைத்திருந்த அதே எண்ணைப் போட்டேன். என் தொழிலில் அப்படிப் போடக்கூடாது. போட்டேன்.

பதினேழு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வாசலுக்கு வந்தது. உள்ளே போனது. மறுபடி வாசலுக்கு வந்தது. அன்னம் சொன்ன அதே நடை. பிறகு பாதையில் ஏறத் தொடங்கியது. நான் இத்தனை மாதம் தேடியது அதுதான். வந்தபோது நிறுத்தும் பொத்தானின் மேல் என் விரல் இருந்தது. முருகையா என் கையைத் தொடாமல், நிறுத்த வேண்டாம் என்று கைகாட்டினார். புள்ளி மேல் லயத்தில் போய் நின்றது. மலை சரிந்த நேரம் வந்ததும் அதன் நிறம் மாறியது.

இரண்டாவது முறை முப்பத்தொன்று பள்ளிக்கூடத்துக்குப் போனது. ஒரு மூலையில் நின்றது. பதினேழு வந்து மறு மூலையில் நின்றது. மலை சரிந்து முடியும்வரை இரண்டும் அப்படியே நின்றன.

முருகையா திரையில் அந்த இரண்டு மூலைகளையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"நான் பேசக்கூட வேண்டாம் டீச்சர். சும்மா போயி நின்னிருந்தாப் போதும்."

கோகிலா எழுந்துபோய் தேநீர் கொண்டுவந்தாள். அவர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், வேறொன்று கேட்டார். அங்கே இருக்கிறவர்கள் பெயரை இங்கேயும், இங்கே இருக்கிறவர்கள் பெயரை அங்கேயும் மைக்கில் வாசித்தால்? நான் ஹாலில் இருக்கிறேன் என்று அவன் காதில் விழுந்திருந்தால்? அதை எழுதி ஓட்ட அரை மணி நேரம் ஆயிற்று. பதினேழு வாசல் வரை வந்தது. பெயர் வாசிக்கப்பட்டதும் உள்ளே போனது. இன்னும் சில முறை ஓட்டினேன். ஒருமுறை ஏறத்தான் செய்தது. அதையும் அவரிடம் மறைக்கவில்லை. மற்றெல்லா முறையும் உள்ளே போனது.

அன்று மாலை குழுத் தலைவரை அழைத்தேன். ஒரு மனிதரின் கதையை வைத்து கணினி மாதிரியை மாற்ற முடியுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. முடியாது, எல்லா வீட்டுக்கும் மறுபடி போய்க் கேட்க வேண்டும் என்றேன். என்ன கேட்பாய் என்றார். நான் யோசிப்பதற்குள் பக்கத்திலிருந்த கோகிலா சொன்னாள்: "நீங்க யார்கூடப் பேசறதில்லைன்னு கேக்கோணுங்க." தலைவர் அந்தக் கேள்வியைத் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு அறிக்கையை நிறுத்திவைக்கச் சம்மதித்தார்.

நாங்கள் இன்னும் நான்கு நாள் தங்கினோம். அந்தக் கேள்விக்கு முதலில் எல்லோரும் அப்படி யாரும் இல்லை என்றார்கள். எழுந்து செருப்பை மாட்டும் நேரத்தில் ஒரு பெயரைச் சொன்னார்கள். ஒருத்திக்கு அக்கா, ஒருவருக்கு மகன், இன்னொருவருக்கு முன்பு சேர்ந்து வேலை செய்த கூட்டாளி. ஆபத்து வந்தால் அவரைத் தேடுவீர்களா என்று கேட்டால், தேட மாட்டேன் என்று சொன்னவர்கள் குறைவு. பலர் அவர் வீடு இருக்கும் திசையைப் பார்த்தார்கள்.

முருகையா மூன்றாம் நாள் அன்னத்தின் வீட்டுக்குப் போனார். எங்களை வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னார். உள்ளே பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் வெளியே வந்து எங்களைத் தாண்டிப் போனார். அன்னம் வாசலில் நின்றார். பிறகு எங்களிடம், "பசுவுக்காகப் போற ஆளு இல்ல அவரு. நானும் அப்பிடித்தான் சொன்னேன், ஆனா அன்னைக்கே அது ஒட்டல," என்றார். கோபமா ஆறுதலா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

கடைசி நாள் மெம்பர் கூட்டம் கூட்டினார். இரண்டு முகாம்கள் இருக்கட்டும், ஆனால் இரண்டிலும் பெயர் கேட்டு எழுத ஓர் ஆள், தொலைபேசியில் மாற்றிச் சொல்ல ஓர் ஆள், மைக்கில் வாசிக்க ஓர் ஆள் என்று முடிவாயிற்று. சர்ச் ஹாலில் நான் வாசிக்கிறேன் என்று முருகையா கையை உயர்த்தினார். பள்ளிக்கூடத்துக்கு யார் என்று மெம்பர் மலையாளத்தில் கேட்டார். பின்வரிசையில் இருந்த அன்னம், எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றார் மெம்பர்.

அன்று பிற்பகலே ஒருமுறை செய்து பார்த்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் நின்றேன். வந்தவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதி அன்னத்தின் முன்னால் வைத்தார்கள். தொலைபேசியில் ஹாலைப் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். அன்னம் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, பெயர்களை வாசித்தார். தன் வீட்டு வரிக்கு வந்தபோது தன் பெயரையும் மகளின் பெயரையும் வாசித்துவிட்டு, விரலை எடுக்காமல் நின்றார். பிறகு அடுத்த வரிக்குப் போனார்.

அவர் முடித்ததும் ஹாலிலிருந்து பெயர்கள் வரத் தொடங்கின. முருகையாவின் குரல் மைக்கில் கரகரத்தது. பத்துப் பதினைந்து பெயர்கள். கடைசியில் சற்று நின்று, "முருகையா. இங்க ஹால்லதான் இருக்கேன்," என்றார்.

அன்னம் தொலைபேசியின் அருகே குனிந்தார்.

"கேட்டுச்சு தம்பி," என்றார்.